யந்திரம் போட்ட கணக்கு

நாவல் எழுதுகிறவன் கணிதப் பாடப் புஸ்தகத்தை விமரிசனம் செய்யலாமா என்று யாராவது கேட்கக்கூடும். செய்யலாம் என்றுதான் நான் நினைக்கிறேன். பாடப் புஸ்தகமும் ஒருவர் எழுதி இன்னொருவர் படிக்கிற புஸ்தகம்தானே? எங்கே ஆரம்பிக்கிறது, எதை முன்னால் சொல்கிறது, எதை ஒளித்து வைக்கிறது, படிக்கிறவனை என்னவாக மதிக்கிறது என்றெல்லாம் அதையும் கேட்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. நாவல் மோசமாக இருந்தால் வாசகன் அதை மூடி வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போவான். பாடப் புஸ்தகம் மோசமாக இருந்தால் அவனால் மூட முடியாது. சில சமயம் அதனால் ஒருவனுடைய ஆயுசே வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. அப்படித் திரும்பிய ஒருவனை எனக்குத் தெரியும். அவனைப் பற்றிப் பின்னால் வருகிறது.

கணிதப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் வீடு மாற்றிக்கொண்டு போகும்போது தம்முடைய அலமாரியைக் காலி செய்தார். "எடைக்குப் போட மனசு வரவில்லை. நீங்கள்தான் எதைக் கொடுத்தாலும் படிப்பீர்களே" என்று சொல்லி ஒரு கட்டுப் புஸ்தகத்தை என்னிடம் கொடுத்தார். அமெரிக்காவில் 1994ல் அடிசன் வெஸ்லி கம்பெனியார் வெளியிட்ட ‘கால்குலஸ் அண்ட் மாத்தமாட்டிகா’ என்ற பாடத்தின் அச்சுப் பகுதிகள் அதில் இருந்தன. எழுதியவர்கள் மூவர். பில் டேவிஸ் ஒஹாயோ மாநில சர்வகலாசாலையைச் சேர்ந்தவர். ஹொராசியோ போர்ட்டா, ஜெர்ரி ஊல் இருவரும் இல்லினாய் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள். விஞ்ஞானமும் என்ஜினீயரிங்கும் படிக்க வந்த ஆரம்ப மாணவர்களுக்கு நுண்கணிதத்தைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்க இவர்கள் செய்த முயற்சி இது. மாத்தமாட்டிகா என்பது 1988 ஜூன் மாதத்தில் வெளிவந்த மென்பொருளின் பெயர். சூத்திரத்தைக் கொடுத்தால் அது வகைக்கெழுவைச் சொல்லும், தொகையீட்டைப் போடும், வளைகோட்டை வரைந்து காட்டும். ஒரு மாணவன் இரண்டு வருஷம் முதுகு ஒடியக் கற்கிற வேலையைக் கண்ணிமைக்கிற நேரத்தில் முடித்துவிடும்.

அப்படியானால் மாணவன் செய்ய என்ன மிச்சம் இருக்கிறது? இந்தப் பாடத்தைப் படிக்கும்போது என் மனசில் ஓடிக்கொண்டிருந்த கேள்வி இதுதான். பதிலைத் தேடப் பழைய பாடப் புஸ்தகத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நான் காலேஜில் படித்தது 1970ஐ ஒட்டிய வருஷங்களில். பி.எஸ்ஸி. ரசாயனம் எடுத்தவர்களுக்குக் கணிதம் துணைப் பாடம், ஆன்சிலரி என்போம். அந்தப் பாடப் புஸ்தகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. முதல் பக்கத்தில் எல்லை என்பதற்கு ஒரு வரையறை. எப்ஸிலான் என்று ஒன்றைக் கொடுத்தால் டெல்டா என்று ஒன்று கிடைக்க வேண்டும். யார் கொடுப்பது, எதற்காகக் கொடுப்பது என்பதற்கு விளக்கம் கிடையாது. அதற்குக் கீழே தேற்றம், நிரூபணம், இரண்டு உதாரணம், நாற்பது கணக்கு. கடைசிப் பக்கங்களில் விடைகள். கதை ஆரம்பிக்கும் முன்பே எல்லாப் பாத்திரங்களுடைய ஜாதகத்தையும் எடுத்து நீட்டுகிற நாவலைப்போல இருக்கும். வகைக்கெழு என்று ஒன்று மனிதனுக்கு ஏன் தேவைப்பட்டது என்பதை அந்த ஆசிரியர் முந்நூறு பக்கத்தில் ஓர் இடத்திலும் சொல்லவில்லை.

ஹாஸ்டலில் என் அறைத் தோழன் ஒருவன். அவனுடைய அப்பாவுக்கு ஒரு சின்ன ஊரில் அடகுக் கடை. வட்டிக்கு வட்டி என்ன ஆகும் என்பதைத் தேதி வாரியாக மனசிலேயே கூட்டிச் சொல்லுவான். காகிதம் பென்சிலோடு நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்தாலும் அவனை ஜெயிக்க முடியாது. அப்பேர்ப்பட்டவன் ஆன்சிலரி கணிதத்தில் இரண்டு முறை தவறினான். மூன்றாவது முறை பரீட்சைக்குப் பணம் கட்டவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். ரசாயனத்தில் அவன் வகுப்பிலே முதல். சோதனைச் சாலையில் அவனுடைய கை நடுங்கி நான் பார்த்ததில்லை. நான் கணிதத்தில் பாஸ் செய்தேன். நிரூபணங்களைச் சுலோகம்போல நெட்டுருப் போட்டேன், அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் புரிந்தது ஒரே அளவுதான். அவன் புரியாததை எழுத மாட்டேன் என்றான், நான் எழுதினேன்.

எங்கள் காலேஜில் நடந்ததுதான் அமெரிக்காவிலும் பெரிய அளவில் நடந்துகொண்டிருந்தது. டாக்டர் ஆக வேண்டியவனையும், பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வேண்டியவளையும் நுண்கணிதப் பரீட்சை என்கிற வாசலில் நிறுத்தி வைத்துத் தள்ளிவிடுவது வழக்கமாகிவிட்டது. 1982ல் பென்சில்வேனியா சர்வகலாசாலைக் கணித அறிஞர் ஹெர்பர்ட் வில்ஃப் ஒரு கட்டுரை எழுதினார். ‘காலேஜ் படித்த தட்டு’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். ம்யூமாத் என்ற மென்பொருள் அடங்கிய ஒரு சின்னக் காந்தத் தட்டு, வீட்டில் வைத்துக்கொள்கிற கம்ப்யூட்டரிலேயே காலேஜ் கணக்குகளைப் போட்டுவிடுகிறது என்று அதில் எச்சரித்தார். 1986 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து டுலேன் சர்வகலாசாலையில் ரொனால்ட் டக்ளஸ் கூட்டிய சிறு மாநாட்டில், பாடத்தின் கொழுப்பைக் குறைத்து உயிரோட்டம் கொடுக்க வேண்டும் என்று பேசினார்கள். 1987ல் வாஷிங்டனில் பெரிய மாநாடு. நுண்கணிதம் இதுவரை வடிகட்டியாக இருந்தது, இனி அது நீரை மேலே இறைக்கிற பம்பாக இருக்கட்டும் என்பது அங்கே எழுந்த கோஷம். அடுத்த வருஷமே அமெரிக்க தேசிய விஞ்ஞான நிறுவனம் இந்தச் சீர்திருத்தத்துக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்தது. அதே வருஷம் மாத்தமாட்டிகாவும் வந்தது. இல்லினாய் பாடம் பிறந்த சூழ்நிலை இது.

இனி புஸ்தகத்துக்கு வருகிறேன். அதில் முதலில் என்னைக் கவர்ந்தவை பாகங்களின் பெயர்கள். வகைக்கெழு என்ற பாகத்துக்கு ‘வளர்ச்சியை அளப்பது’ என்று உபதலைப்பு. தொகையீடு என்ற பாகத்துக்குச் ‘சேர்மானத்தை அளப்பது’. தோராயங்கள் என்ற பாகத்துக்கு ‘நெருக்கத்தை அளப்பது’. மூன்று வார்த்தைகளில் மூன்று ஆசைகளைச் சொல்லிவிட்டார்கள். எனக்கு இது சாதாரணக் காரியமாகப் படவில்லை. எதை அளக்கப் போகிறோம் என்று தெரிந்தவனுக்கு அளவுகோலின் மேல் ஒரு பிரியம் வரும்.

பாடங்களின் வரிசையும் பழையது இல்லை. முதல் பாடம் வளர்ச்சி. இரண்டாவது, இயல் மடக்கையும் அடுக்குச் சார்பும். மூன்றாவது பாடத்தில்தான் ஒரு கணத்தில் வளரும் வேகம் என்ற வகைக்கெழு வருகிறது. எல்லைக்கு வரையறை சொல்லி வாசலை அடைக்கிற வழக்கம் இங்கே இல்லை. வேகத்தைக் கொண்டு அளவைக் கண்டுபிடிக்கிற சமன்பாடுகளைப் பழைய திட்டத்தில் பின்னொரு வருஷத்துக்குத் தள்ளி வைத்திருப்பார்கள். இங்கே முதல் பாகத்திலேயே வந்துவிடுகின்றன. ரசாயனம் படிப்பவனுக்கும் உயிரியல் படிப்பவனுக்கும் உண்மையில் உபயோகப்படுவது அவைதான். ஒரு பொருள் கரைகிறது, ஒரு கிருமி பெருகுகிறது. எவ்வளவு வேகத்தில் என்று தெரியும், எவ்வளவு ஆகும் என்று தெரிய வேண்டும். தெரிந்த வேகத்தை வைத்துக்கொண்டு சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்து வளைகோட்டை வரையச் சொல்லுகிறார்கள். அசல் கோடு ஆகாது, அதற்குக் கிட்டத்தட்ட வருகிற போலி என்று ஆசிரியர்களே சொல்லிவிடுகிறார்கள். போலியைப் போலி என்று சொல்லிக் கொடுக்கிற நேர்மை எனக்குப் பிடித்தது.

பழைய புஸ்தகத்தில் சராசரி மதிப்புத் தேற்றம் என்று ஒன்று ராஜகம்பீரமாக உட்கார்ந்திருக்கும். அது செய்கிற வேலைக்கு இவர்கள் பந்தயப் பாதைத் தத்துவத்தை வைத்திருக்கிறார்கள். இரண்டு குதிரைகள் ஒரே இடத்திலிருந்து ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. எந்தக் கணத்திலும் ஒன்றின் வேகம் மற்றதன் வேகத்துக்குக் குறைவதில்லை. அப்படியானால் அது பின்தங்க முடியாது. இவ்வளவுதான் விஷயம். ரேக்ளா வண்டி ஓட்டுகிறவனுக்குத் தெரியாததா இது? தெரிந்ததிலிருந்து கிளம்பித் தெரியாததற்கு ஏறுவது எந்தக் கலையிலும் நல்ல வழிதான். கணிதத்தின் கௌரவம் போயிற்று என்று சொல்கிறவர்களும் உண்டு. தேற்றத்தின் கடுமையான உருவம் பிற்பாடு கணிதமே முக்கியப் பாடமாக எடுப்பவனுக்கு அவசியம்தான். ஆனால் ரசாயன மாணவனுக்குக் குதிரைகள் போதும் என்பது என் அபிப்பிராயம்.

உருவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அச்சுப் புஸ்தகம் இந்தப் பாடத்தின் நிழல் மாதிரி. அசல் இருப்பது கம்ப்யூட்டர் ஏட்டில். அங்கே வசனமும் கணக்கும் படமும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே பத்தியில் ஓடுகின்றன. நடுவில் ஓர் எண்ணை மாணவன் மாற்றினால், கீழே உள்ள படம் மாறிவிடும். ஒவ்வொரு பாடத்துக்கும் நான்கு பகுதிகள்: அடிப்படைகள், வழிகாட்டுக் கணக்குகள், நீயே முயன்று பார் என்று ஒரு பகுதி, கடைசியில் யந்திரத்தை விட்டு எழுந்து வந்து கையால் எழுத வேண்டிய ஒரு தாள். வகுப்பில் பிரசங்கம் கிடையாது என்றே சொல்லலாம். மாணவர்கள் யந்திரங்களின் முன் உட்கார்ந்து செய்துகொண்டிருப்பார்கள், ஆசிரியர் நடமாடிக்கொண்டிருப்பார். வார்த்தையைப் பின்னால் வைத்துப் படத்தை முன்னால் வைப்பது இவர்களுடைய கொள்கை. பையன் முதலில் பார்க்கட்டும், பார்த்ததற்குப் பெயர் பிறகு வரட்டும் என்கிறார்கள்.

இனிக் குறைகள். ஆசிரியர்களின் நடை, தோளில் கை போட்டுக்கொண்டு பேசுகிற நடை. பத்துப் பக்கத்துக்கு நன்றாக இருக்கிறது. நூறு பக்கம் ஆனால் கையை எடுத்தால் தேவலை என்று தோன்றுகிறது. படம் உடனே வந்துவிடுவதையும் முதலில் ஒரு குறை என்றே நினைத்தேன். கையால் வளைகோடு வரைகிறவன், அது அச்சை எங்கே வெட்டுகிறது, எங்கே திரும்புகிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக் கடைசியில்தான் முழு உருவத்தையும் பார்ப்பான். யந்திரம் அந்தக் கடைசியை முதலில் கொடுத்துவிடுகிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால் ராவணன் சாகப் போகிறான் என்று தெரிந்துதானே ராத்திரி முழுவதும் உட்கார்ந்து கூத்துப் பார்க்கிறோம்? முடிவு தெரிந்துவிட்டால் ருசி போய்விடும் என்பது கதையிலேயே உண்மை இல்லாதபோது கணிதத்தில் எப்படி உண்மையாகும்? ஆகவே அந்தக் குறையை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

வாபஸ் வாங்க முடியாத குறை வேறு ஒன்று. கண்ணால் பார்த்ததை மாணவன் நம்பிவிடுகிறான். இதை எப்படிக் கண்டுகொண்டேன் என்பதைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும்.

ஒரு ரூபாயை நூற்றுக்கு நூறு வருஷ வட்டிக்குக் கொடுத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அநியாய வட்டிதான், கணக்குக்காகச் சொல்கிறேன். வருஷ முடிவில் இரண்டு ரூபாய் வரும். ஆறு மாசத்துக்கு ஒரு தரம் வட்டியை முதலில் சேர்த்தால் 2.25. மூன்று மாசத்துக்கு ஒரு தரம் சேர்த்தால் ஏறக்குறைய 2.44. மாசா மாசம் சேர்த்தால் 2.61. தினம் தினம் சேர்த்தால் 2.7146. நிமிஷத்துக்கு ஒரு தரம், விநாடிக்கு ஒரு தரம் என்று சேர்த்துக்கொண்டே போனாலும் 2.71828 என்று தொடங்கும் ஓர் எண்ணை அது தாண்டாது. அதன் பெயர்தான் ஈ. இந்த வட்டியில் பணம் எந்தக் கணத்தில் எவ்வளவு இருக்கிறதோ, அந்தக் கணத்தில் அது வளருகிற வேகமும் அதே அளவுதான். கிருமி பெருகுவதற்கும் ரேடியம் தேய்வதற்கும் அஸ்திவாரமாக இருக்கிற எண் இது.

என் தம்பி பேத்தி உயிரியல் முதல் வருஷம் படிக்கிறாள். அவளுடைய கம்ப்யூட்டரில் பைத்தான் என்ற விலையில்லாத மென்பொருள் இருக்கிறது. இந்தக் கணக்கை அதில் போடச் சொன்னேன். வருஷத்தை ஆயிரம் துண்டாக்கினாள்: 2.7169. பத்து லட்சம் துண்டாக்கினாள்: 2.71828. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒன்றுக்குப் பின் பதினைந்து சைபர் போடச் சொன்னேன். யந்திரம் 3.035 என்றது. இன்னும் ஒரு சைபர் போட்டாள். யந்திரம் 1 என்றது. முழுசாக ஒன்று, வட்டியே இல்லை. "தப்பாகப் போட்டாயா?" என்று கேட்டேன். "இல்லை பெரியதாத்தா, கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அவ்வளவு துண்டு போட்டால் அப்படித்தான் ஆகுமோ என்னமோ" என்றாள். நல்ல புத்திசாலிப் பெண். அவளுடைய அந்தப் பதில்தான் எனக்குக் கவலையாக இருந்தது.

அடுத்த வாரம் வேறு காரியமாகப் போகும்போது என் பழைய அறைத் தோழனைப் பார்க்க நேர்ந்தது. கடையை இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான், இவன் மேஜைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். கணக்கைச் சொன்னேன். வட்டியை எவ்வளவு பொடியாக்கிச் சேர்த்தாலும் இரண்டே முக்காலைத் தாண்டாது என்பதை அவன் ஒப்புக்கொள்ள இரண்டு நிமிஷம் ஆயிற்று. உதட்டை அசைத்து அவனே கூட்டிப் பார்த்துக்கொண்டான். கடைசியில் யந்திரம் ஒரு ரூபாய்தான் என்று சொன்னதைச் சொன்னேன்.

சிரித்தான். "ஏண்டா, சில்லறையைத் தள்ளியிருக்கான். ஒவ்வொரு தடவையும் காலணாவுக்குக் கீழே வர்றதைத் தள்ளிப்பிட்டா வட்டி எங்கேருந்து ஏறும்? முதல் முதலாவே நிக்கும்."

"அதற்கு முன்னால் மூன்று ரூபாய் மூன்றரைப் பைசா என்றதே?"

"அங்கே அரைகுறையை முழுசாத் தூக்கிப் போட்டிருப்பான். தள்றதும் தப்புதான், ஏத்தறதும் தப்புதான். கோடி தடவை பண்ணினா தெரியாம இருக்குமா?"

சரியான விளக்கம் அதுவேதான். பிற்பாடு பேராசிரிய நண்பரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். யந்திரம் சாதாரணமாகப் பதினாறு இலக்கத்துக்குமேல் வைத்துக்கொள்வதில்லை. ஒன்றோடு அவ்வளவு சின்ன வட்டியைக் கூட்டும்போது வட்டி உதிர்ந்து போய் ஒன்று ஒன்றாகவே இருக்கிறது. ஒன்றை ஒன்றால் எத்தனை தரம் பெருக்கினாலும் ஒன்றுதான். இன்னும் அதிக இலக்கம் வைத்துக்கொள் என்று கட்டளையிட்டால் யந்திரம் சரியாகவே போடும், மாத்தமாட்டிகாவிலும் அதற்கு வழி இருக்கிறது. ஆனால் கட்டளையிட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? விடை தப்பு என்று சந்தேகப்படுகிறவனுக்குத்தான் தோன்றும்.

"இந்த எண்ணின் பெயர்தான் ஈ" என்று தோழனிடம் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "இதையாடா அவர் போர்டிலே எழுதினார்?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அதற்குள் யாரோ ஒரு அம்மாள் வளையலை எடுத்துக்கொண்டு வந்தாள். அவன் தராசின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இந்தச் சம்பவத்தை நான் உருக்கத்துக்காகச் சொல்லவில்லை. விமரிசனத்துக்கு அது தேவைப்படுகிறது. என் தோழனை ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இல்லினாய் பாடத்தில் உட்கார்த்தி வைத்திருந்தால் அவன் தவறியிருக்க மாட்டான். வளர்ச்சி என்று முதல் பாடத்தின் பெயரைப் பார்த்ததுமே அது தன்னுடைய விஷயம் என்று தெரிந்துகொண்டிருப்பான். அந்த அளவில் இந்தப் பாடத்தை எழுதிய மூவரும் பெரிய காரியம் செய்திருக்கிறார்கள். ஆனால் யந்திரத்தின் தப்பை அவன் கண்டுபிடித்த சக்தி எந்தப் பாடத்திலிருந்தும் வரவில்லை. பத்து வயசிலிருந்து பைசா பைசாவாகக் கூட்டிய பழக்கத்திலிருந்து வந்தது. அந்த உழைப்பை யந்திரத்துக்குத் தள்ளிவிட்டுப் பலனை மட்டும் மாணவனுக்குக் கொடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியை ஆஸ்திரிய நாட்டுக் கணித அறிஞர் புருனோ புக்பெர்கர் 1990 வாக்கில் தெளிவாக எடுத்துக்கொண்டார். மாணவர்கள் இனித் தொகையீட்டு விதிகளைக் கற்க வேண்டுமா என்று கேட்டு அவர் சொன்ன வழி எளிமையானது. ஒரு விஷயத்தைக் கற்கும் காலத்தில் அந்த விஷயத்தை யந்திரத்திடம் விடாதே. கற்று முடித்துவிட்டால், மேலே உள்ளதைக் கற்கும்போது பழையதை யந்திரம் செய்யட்டும். முதலில் பெட்டி கண்ணாடிப் பெட்டியாக இருக்க வேண்டும், பிறகு கறுப்புப் பெட்டியாக இருக்கலாம். இதைவிட நல்ல விதியை நான் படிக்கவில்லை. கூட்டலைக் கையால் கற்ற பிறகு கால்குலேட்டர், வகைக்கெழுவைப் பத்து முறை கையால் போட்ட பிறகு மாத்தமாட்டிகா. நாற்பது முறை போட வேண்டாம். மிச்ச முப்பது முறையில்தான் என் தோழனைப் போன்றவர்கள் அலுத்துப் போனார்கள்.

இல்லினாய் பாடம் இந்த விதியை எல்லா இடத்திலும் அநுசரிக்கவில்லை. ஆனால் அதன் ஆசிரியர்களுக்கு ஆபத்து தெரியாமலும் இல்லை. ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் இருக்கிற அந்தக் கைத் தாளே அதற்குச் சாட்சி. யந்திரத்தை விட்டு எழுந்து வா, இப்போது உன் கையில் என்ன இருக்கிறது என்று அது கேட்கிறது. புஸ்தகம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி யந்திரத்துக்கு வேலை இல்லாத அந்தப் பகுதிதான். அதைக் கடைசியில் வைத்ததுதான் எனக்குச் சம்மதம் இல்லை. அவசரக்கார மாணவன் எதையாவது விடுவதென்றால் கடைசியில் இருப்பதைத்தான் விடுவான்.

அதே வருஷங்களில் வட கரோலினாவில் ட்யூக் சர்வகலாசாலையில் டேவிட் ஸ்மித், லாரன்ஸ் மூர் என்ற இருவர் நடத்திய இன்னொரு பாடத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். அங்கேயும் கம்ப்யூட்டர் உண்டு. மாணவர்கள் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து செய்வார்கள். ஆனால் செய்து முடித்ததைக் கட்டுரையாக எழுதிக் கொடுக்க வேண்டும். என்ன செய்தோம், என்ன கண்டோம், ஏன் அப்படி ஆயிற்று என்று முழு வாக்கியங்களில் எழுத வேண்டும். ஆசிரியர் திருத்திக் கொடுத்தால் மறுபடியும் எழுத வேண்டும். கணிதப் பாடத்தில் வாக்கியம் எழுதச் சொன்னார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எழுத்தாளனுடைய சுயநலம் என்று நினைக்க வேண்டாம். யந்திரம் 1 என்று சொன்னால் அதை அப்படியே எழுதிவைத்துவிடலாம். ‘ஒரு ரூபாயை நூறு வட்டிக்குக் கொடுத்து ஒரு வருஷம் கழித்து ஒரு ரூபாய் திரும்பி வந்தது’ என்று முழு வாக்கியமாக எழுத முயலுகிறவனுக்குக் கை நின்றுவிடும். அந்த இடத்தில்தான் சந்தேகம் பிறக்கிறது. என் தம்பி பேத்தியிடம் அதை ஒரு வாக்கியமாக எழுதிப் பார் என்று சொல்லியிருந்தால், அவளும் அங்கே நின்றிருப்பாள் என்று நம்புகிறேன்.

மென்பொருளைப் பற்றியும் சொல்ல ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. மாத்தமாட்டிகா விலைக்கு விற்கிற சரக்கு. உள்ளே எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதை முழுவதும் திறந்து பார்க்க முடியாது. நிரூபணத்தை எல்லாருக்கும் திறந்து வைப்பதுதான் கணிதத்தின் தர்மம். அதைக் கற்றுக் கொடுக்கும் யந்திரம் மட்டும் மூடியிருப்பது பொருத்தம் இல்லை. இந்த எண்ணத்தோடு 2005ல் வில்லியம் ஸ்டைன் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் சேஜ் என்ற மென்பொருளை ஆரம்பித்தார். அதை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே புகுந்து வரி வரியாகப் படிக்கலாம். லாஸ் ஏஞ்சலிஸில் கலிபோர்னியா சர்வகலாசாலையில் உயிரியல் மாணவர்களுக்கு நடக்கிற ஆரம்பக் கணிதப் பாடம் இந்தச் சேஜைத்தான் உபயோகிக்கிறது. ஆலன் கார்ஃபிங்கெல், ஜேன் ஷெவ்ட்சோவ், யினா குவோ என்ற மூவர் அதற்காக எழுதிய ‘மாடலிங் லைஃப்’ என்ற புஸ்தகம் 2017ல் வெளிவந்தது. அதிலும் எப்ஸிலானுக்கு முதல் பக்கத்தில் இடம் இல்லை. ஒன்றை ஒன்று தின்று வாழுகிற மீன்களின் எண்ணிக்கை எப்படி ஏறி இறங்குகிறது என்பது போன்ற கேள்விகளிலிருந்து அது கிளம்புகிறது. இல்லினாய் மூவர் போட்ட பாதையில்தான் இதுவும் நடக்கிறது என்று சொல்லலாம். வழியில் காசு வாங்குகிற கேட்டை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

என் தீர்ப்பைச் சொல்லி முடித்துவிடுகிறேன். ‘கால்குலஸ் அண்ட் மாத்தமாட்டிகா’ நல்ல புஸ்தகம். மாணவனை முட்டாளாக நினைக்காமல், அவனுக்குத் தெரிந்த வளர்ச்சியிலிருந்து ஆரம்பிக்கிறது. ஆனால் யந்திரத்தை அது கொஞ்சம் அதிகமாகவே நம்புகிறது. யந்திரம் ஏமாறுகிற இடங்களைத் தேடிப் பிடித்து முதல் பாடத்திலேயே வைத்திருந்தால் இன்னும் நல்ல புஸ்தகமாக ஆகியிருக்கும். பதினாறு சைபர் போட்டுப் பார் என்று ஒரு கணக்குப் போதும். விடை 1 என்று வந்ததும், ஏன் என்று உன் சொந்தப் பாஷையில் பத்து வரி எழுது என்று அடுத்த கணக்கு. தமிழில் யாராவது இப்படி ஒரு பாடம் எழுத முன்வந்தால் வட்டிக் கணக்கிலிருந்து ஆரம்பிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பாடத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு தரம் சரிபார்க்க என் தோழனைச் சிபாரிசு செய்யவும் தயார். கடை ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.